தங்கம்தான், ஆனால் எவ்வளவு?

சித்தியின் வளையல் ஜோடியை அடகு வைக்க வங்கிக்குத் துணையாகப் போயிருந்தேன். ஜோடி நான்கு சவரன். 2003-ல் ஊரிலேயே ஒரு கடையில் வாங்கியது. உள்பக்கத்தில் ‘916 கேடிஎம்’ என்று பொடி எழுத்தில் குத்தியிருந்தது. நகை பார்க்கும் பத்தர் அந்த முத்திரையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. வளையலை உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். மேசை இழுப்பறையிலிருந்து சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, வளையலின் உள்விளிம்பை அதில் அழுத்தி இழுத்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்திலேயே தன்னிடமிருந்த ஒரு கம்பியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டு திராவகம். குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா, இது இருபத்திரண்டு இல்லம்மா. இருபது மாதிரிதான் தெரியுது” என்றார்.

சித்தியின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். “அப்போ போலியா?” என்று கேட்டார். “போலி இல்லம்மா, தங்கம்தான்” என்றார் பத்தர். “தங்கம் கம்மி.”

அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. நகையைச் சோதிப்பது பற்றி யார் பேசினாலும், இது தங்கமா இல்லையா என்ற கேள்வியையும், இதில் எத்தனை பங்கு தங்கம் என்ற கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். முதல் கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு விடை காணலாம். இரண்டாவது கேள்விக்கு வீட்டில் விடை கிடைப்பது கடினம். ஆனால் கடையில் நகை வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். பித்தளையைத் தங்கமென்று விற்கக் கடைக்காரருக்கு நிறையத் துணிச்சல் வேண்டும். இருபது கேரட்டை இருபத்திரண்டு என்று விற்க அவ்வளவு வேண்டாம்.

முதலில் கேரட் கணக்கு. சுத்தத் தங்கத்தை 24 பங்கு என்று வைத்துக்கொண்டால், 22 கேரட் என்பது 22 பங்கு தங்கம், 2 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916 வரும். அந்த 916 இதுதான், ஆயிரத்தில் 916 பங்கு. 20 கேரட் என்றால் 833, 18 என்றால் 750, 14 என்றால் 583 (முத்திரையில் 585 என்று குத்துவார்கள்). சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், நகை செய்தால் வளையும், தேயும். அதனால் செம்பு சேர்ப்பது திருட்டு அல்ல, தேவை. எவ்வளவு சேர்த்தேன் என்பதில் பொய் சொன்னால்தான் திருட்டு. சித்தியின் வளையல் ஜோடி 32 கிராம். 22 கேரட்டாக இருந்தால் அதில் 29.3 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். 20 என்றால் 26.7 கிராம்தான். இரண்டரை கிராமுக்கு மேல் தங்கத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, செம்பை இருபது வருடம் கையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் ‘கேடிஎம்’ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது தரத்துக்கான முத்திரையே இல்லை. நகையின் துண்டுகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது, அந்தப் பொடியில் முன்பு செம்பும் வெள்ளியும் நிறைய இருக்கும். எனவே நகையை உருக்கினால் மொத்த மாற்று, அதாவது தங்கத்தின் தரம், இறங்கிவிடும். அதற்குப் பதிலாகக் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தினால் தங்கத்தின் பங்கு அவ்வளவாகக் குறையாது. காட்மியத்தின் சுருக்கம்தான் கேடிஎம். அந்தப் புகை பத்தர்களின் நுரையீரலைப் பாழாக்கியது, அதனால் இப்போது தரக்கட்டுப்பாடு அதை ஏற்பதில்லை. ஆக, ‘கேடிஎம்’ என்ற எழுத்து எப்படிப் பற்றவைத்தோம் என்பதைத்தான் சொல்கிறது. கூடவே குத்திய 916-ஐக் கடைக்காரரே குத்திக்கொண்டார். அதை யாரும் சரிபார்க்கவில்லை.

சரி, வீட்டுச் சோதனைகளுக்கு வருவோம். காந்தம் எல்லாருக்கும் தெரியும். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் செம்பும் ஒட்டாது, பித்தளை, வெள்ளி, ஈயம் எதுவும் ஒட்டாது. ஒட்டினால் தங்கமில்லை என்று சொல்லலாமே தவிர, ஒட்டாததால் தங்கம் என்று சொல்ல முடியாது. அதிலும் சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங் எஃகாக இருக்கலாம். அது மட்டும் ஒட்டும், பயந்துவிட வேண்டாம். கடித்துப் பார்ப்பது சினிமாவுக்கு நல்லது. ஈயத்திலும் பல் பதியும். எலுமிச்சைச் சாறு, வினிகர் எல்லாம் பித்தளையைக் கொஞ்சம் நிறம் மாற்றும், ஆனால் மேலே தங்கப் பூச்சு இருந்தால் பூச்சைத்தான் கழுவிவிட்டு வரும்.

கண்ணால் பார்ப்பதை மட்டும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கவரிங் நகையை நம் ஊரில் யாரும் மறைத்து விற்பதில்லை. சிதம்பரம் கவரிங் என்றே பெயர் வாங்கியிருக்கிறது, நேர்மையான பொருள். உள்ளே செம்போ பித்தளையோ, மேலே தங்கத்தின் மெல்லிய பூச்சு. அதைத் தங்கமென்று சொல்லி ஒருவர் தந்தால் எங்கே பார்க்க வேண்டும்? தேய்கிற இடத்தில். மோதிரமென்றால் விரலின் அடிப்பக்கம் படுகிற இடம், சங்கிலியென்றால் கண்ணியும் கண்ணியும் உரசும் உள்முனை, வளையலென்றால் ஒன்றோடொன்று மோதும் விளிம்பு. அங்கே செக்கச்செவேலென்று ஒரு புள்ளி தெரிந்தாலோ, வேர்வையில் பச்சை பிடித்தாலோ, கதை முடிந்தது. புத்தம்புதிய கவரிங்கில் இது தெரியாது, அதுதான் சிக்கல்.

வீட்டில் செய்யக்கூடியதில் உண்மையிலேயே உருப்படியானது தண்ணீர்ச் சோதனை. தங்கத்தின் அடர்த்தி ஏறக்குறைய 19.3. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் இருக்கும். செம்பு 9-க்குச் சற்றுக் கீழே, பித்தளை எட்டரை, வெள்ளி பத்தரை, ஈயம் 11.3. இந்த இடைவெளி மிகப் பெரிது. அரசனின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த கதை பள்ளியிலேயே படித்ததுதான். அவர் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கணக்கை மறந்துவிட்டோம்.

வங்கியிலிருந்து வந்த அன்று மாலை நான் இதைத்தான் செய்து பார்த்தேன். சமையலறைத் தராசு உதவாது, அது ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னப் பாக்கெட் தராசு வேண்டும். முதலில் ஜோடியில் ஒரு வளையலை வெறுமனே எடை போட்டேன், 16.02 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கினேன். வளையலை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். நூலைக் கையில்தான் பிடித்திருக்கிறோம், ஆனாலும் தராசு ஓர் எண் காட்டும். வளையல் விலக்கிய தண்ணீரின் எடை அது. எனக்கு 0.98 என்று வந்தது. 16.02-ஐ 0.98-ஆல் வகுத்தால் 16.3.

22 கேரட் நகையின் அடர்த்தி, செம்பு அதிகமா வெள்ளி அதிகமா என்பதைப் பொறுத்து, 17.6 முதல் 18 வரை இருக்கும். 20 கேரட் என்றால் 16.2 முதல் 16.9. 18 கேரட் என்றால் 15 முதல் 16. பத்தர் கல்லில் ஒரு கோடு போட்டுச் சொன்னது அப்படியே பொருந்தியது. அதே எடையில் பித்தளை வளையலாக இருந்திருந்தால் தராசு 1.9 அளவில் காட்டியிருக்கும்.

ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்தியின் வளையலுக்கு 0.98 வந்தது. 22 கேரட்டாக இருந்தால் 0.90 வந்திருக்கும். வித்தியாசம் 0.08 கிராம். வேலைப்பாட்டின் இடுக்கில் நாலைந்து காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் இந்த வித்தியாசம் தானாகவே வந்துவிடும். அதனால் நகையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடே இறக்கி, இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். கெட்டி நகைக்குத்தான் இது சரி. உள்ளே குழாயாக இருப்பது, அரக்கு நிரப்பியது, கல் பதித்தது எல்லாம் தப்பான எண்ணைத்தான் தரும். அரக்கு அடைத்த நல்ல 22 கேரட் வளையலைத் தண்ணீரில் போட்டால் பித்தளை என்றே காட்டும். பாவம், அது ஒரு தவறும் செய்யவில்லை.

நாணயம், கட்டி என்றால் இன்னும் எளிது. சவரன் என்று நாம் எட்டு கிராமைச் சொல்வது பிரிட்டன் நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த நாணயம் 22 கேரட், எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52 மில்லிமீட்டர். இந்த மூன்றும் ஒருசேரப் பொருந்துகிறதா என்று பார்த்தாலே போதும். பித்தளையில் அதே விட்டத்துக்கு அதே எடையைக் கொண்டுவர வேண்டுமென்றால் நாணயம் இரண்டு மடங்கு தடிமனாகிவிடும். இந்தக் கணக்கை ஏமாற்றக்கூடிய உலோகம் ஒன்று உண்டு, டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. டங்ஸ்டனை உள்ளே வைத்து மேலே தங்கம் போர்த்திய கட்டியைத் தராசும் தண்ணீரும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. ஒலி அலையை உள்ளே அனுப்பிப் பார்ப்பது போன்ற கருவிதான் பிடிக்கும். நல்ல வேளை, டங்ஸ்டன் உருக மூவாயிரத்து நானூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், தட்டினால் வளையாது, உடையும். அதில் ஒரு ஜிமிக்கி செய்துவிட முடியாது. பெரிய கட்டி வாங்குபவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது, நமக்கு இல்லை.

இனி அந்தக் கறுப்புக் கல். உரைகல் என்போம், கட்டளைக்கல் என்பது பழைய பெயர். பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒருவரைப் புகழ்கிறோமே, அந்த மாற்றைப் பார்த்ததே இந்தக் கல்லில்தான். கல் கறுப்பாகவும் நெருடலாகவும் இருப்பதால் நகையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம் அதில் ஒட்டி, நிறம் பளிச்சென்று தெரியும். செம்பு கூடினால் கோட்டில் சிவப்பு ஏறும், வெள்ளி கூடினால் வெளிறும். பழகிய கண்ணுக்கு அதுவே பாதிச் செய்தி. மீதியைத் திராவகம் சொல்லும். நைட்ரிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் கரைத்துவிடும், கோடு பச்சையாகப் பொங்கி மறையும். தங்கத்தை அது தொடாது. மாற்றுக் குறைந்த தங்கத்தின் கோடு மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதை, தரம் தெரிந்த கம்பியின் கோட்டோடு வைத்துப் பார்த்துத்தான் பத்தர் ‘இருபது’ என்றார். அது எண் இல்லை, ஒப்பீடு. ஒரு கேரட் முன்னே பின்னே ஆகலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தக் கல்லுக்கும் கண் ஓரளவுதான். உரசிய இடத்தின் மேல்தோலைத்தான் அது பார்க்கிறது. தடித்த பூச்சுப் போட்ட நகை என்று சந்தேகம் வந்தால், பத்தர் அரத்தால் ஓர் ஓரத்தில் லேசாக ராவி, உள்ளிருப்பதை உரசுவார். விற்க வந்தவர் அதற்கு மறுத்தால், அந்த மறுப்பையே நான் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

திராவகம் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரிக் அமிலம் தனியாகத் தங்கத்தைத் தொடாது, ஆனால் அதோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் இராஜ திராவகம், தங்கத்தையே கரைத்துவிடும். நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களின் கிண்ணத்தில் இருப்பது இதுவாக இருக்கலாம். நகை பளபளவென்றுதான் திரும்பி வரும். அசல் நகைதான், எடைதான் குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவருடைய கிண்ணத்தோடு போய்விடும்.

இப்போது பல கடைகளில் மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ஆர்எஃப் கருவி. நகையின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும், அதைப் படித்து ‘தங்கம் 91.7, செம்பு 5, வெள்ளி 3’ என்று திரையில் காட்டும். ஒரு நிமிடம் கூட ஆகாது, நகைக்குச் சேதமில்லை. திரையில் எண் வந்துவிட்டதே என்று அசந்துவிடக் கூடாது. இதுவும் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கிறது. ஒரு தலைமுடியின் கனத்தைக் கூட முழுசாகத் தாண்டாது. தடித்த பூச்சு அதை ஏமாற்றும். நகையில் நாலு இடத்தில், அதிலும் பற்றவைத்த இடத்திலும் கொக்கியிலும் பார்க்கச் சொல்லுங்கள், எண்கள் மாறுவதைக் காணலாம்.

முழு உண்மையைச் சொல்வது நெருப்புதான். நகையிலிருந்து ஒரு துளி வெட்டி எடுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து, எலும்புச் சாம்பல் போன்ற பொருளால் செய்த சிறு கிண்ணத்தில் உலையில் வைப்பார்கள். ஈயம், செம்பையும் மற்றக் கலப்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். தங்கமும் வெள்ளியும் ஒரு மணியாக மிஞ்சும். அந்த மணியைத் தட்டி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் மட்டும் நிற்கும். எடுத்து எடை போட வேண்டியதுதான். பல நூற்றாண்டு பழைய முறை, எந்தப் பெட்டியும் இதுவரை அதைத் தோற்கடிக்கவில்லை. நகையை வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

ஹால்மார்க் என்பது இந்தச் சோதனையை வாங்குபவர் சார்பில் வேறு ஒருவர் செய்து முத்திரை குத்துவது. இந்தியாவில் 2000-ல் தொடங்கியது, 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. இன்று வாங்கும் நகையில் மூன்று குறி இருக்க வேண்டும். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணமான சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹெச்யூஐடி என்ற அடையாள எண், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகை என்று விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு, மூக்குத்தியில் தேடி ஏமாற வேண்டாம்.

ஆனால் குறி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிட்டால், சித்தி 2003-ல் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். எழுத்தைக் குத்துவது யாருக்கும் எளிது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே கைப்பேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியைத் திறந்து அந்த ஆறு இலக்கத்தைப் போடுங்கள். எந்த மையம் சோதித்தது, எந்தத் தேதி, என்ன தரம், அது வளையலா மோதிரமா என்பதெல்லாம் வரும். கையிலிருப்பது சங்கிலி, செயலி மோதிரம் என்கிறதென்றால் எழுந்து வந்துவிடலாம். ஒரே எண் இரண்டு நகையில் இருந்தாலும் அதே கதைதான். லென்ஸ் கேளுங்கள், கடையில் கட்டாயம் இருக்கும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பில்லில் நிகர எடையும் தரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடையைத் தங்கத்தோடு சேர்த்துப் போட்டிருந்தால், கூழாங்கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள். பின்னால் சோதித்துத் தரம் குறைவென்று தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கும் பில் வேண்டும்.

கடைக்கு வெளியே நடப்பது வேறு ரகம். சாலைக்குக் குழி தோண்டும்போது புதையல் கிடைத்தது, வெளியே சொன்னால் அரசாங்கம் பிடுங்கிவிடும், பாதி விலைக்குத் தருகிறோம் என்று வருபவர்களைப் பற்றி அடிக்கடி செய்தித்தாளில் படிக்கிறோம். அவர்கள் மாலையிலிருந்து இரண்டு மணியை எடுத்துத் தந்து, நீங்களே பத்தரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்பார்கள். பத்தர் உரசுவார், அசல் 22 கேரட்தான். மறுநாள் பணம் கைமாறும், மாலை முழுக்கப் பித்தளை. பத்தர் பொய் சொல்லவில்லை, கல்லும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தந்த இரண்டு மணியைத்தான் சோதித்தார்கள், வாங்கிய மாலையை யாரும் சோதிக்கவில்லை.

சித்தியிடம் பில் இல்லை. முத்திரை கட்டாயமாவதற்கு முந்தைய நகை, கடையும் இப்போது இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சரியான எண்ணாவது தெரியட்டும் என்று, பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு அழைத்துப் போனேன். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் போகலாம். நான்கு நகை வரை மொத்தமாக 200 ரூபாய், அதற்கு மேல் போனால் நகைக்கு 45 ரூபாய் வீதம், வரி தனி. வளையல் இரண்டும் 83 சதவீதத்தைச் சுற்றியே வந்தன. சித்தி தாளை ஒருமுறை படித்தார், மடித்துப் பையில் வைத்தார். “நாலு நகைக்கும் ஒரே காசா?” என்று கேட்டார். மோதிரத்தைக் கழற்றினார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். தாலிக்கொடியின் மேல் கை போனது, பிறகு அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, “இது இருக்கட்டும்” என்றார்.